சிகாகோவைச் சுற்றி நான்கு ஊர்கள்: ஓர் அக்டோபர் நாட்குறிப்பு

சிகாகோவின் வடமேற்குப் புறநகரான ஷாம்பர்க்கில் மகன் வீட்டில் தங்கியிருந்த மூன்று மாதங்களில், நகரத்தின் உயரமான கட்டடங்களையும் ஏரிக்கரையையும் முதல் இரண்டு வாரங்களிலேயே பார்த்து முடித்துவிட்டேன். "காலையில் போய் இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய சின்ன ஊர்கள் இங்கே நிறைய இருக்கின்றன, அத்தை" என்றாள் மருமகள். அவள் சொன்ன ஊர்களில் நான்கினை மட்டுமே பார்க்க முடிந்தது. திருச்சியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவள் என்பதால் என் கண் எதில் போய் நிற்கும் என்பதை வீட்டில் அனைவரும் அறிவார்கள். இருந்தாலும், அழகான கடைத்தெருக்களைப் பார்க்கத்தான் புறப்பட்டோம். அன்றன்று இரவு எழுதி வைத்தவற்றைச் சற்றே திருத்தி இங்கே தருகிறேன்.

அக்டோபர் 5, சனிக்கிழமை: ஜெனீவா

இல்லினாயில் உள்ள இந்த ஜெனீவா, ஃபாக்ஸ் ஆற்றின் கரையில், வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் இருக்கிறது. மூன்றாம் தெரு என்று அழைக்கப்படும் கடைத்தெருவில் பழைய வீடுகளையே கடைகளாக மாற்றியிருக்கிறார்கள்; திண்ணையில் பூசணிக்காய்களை அடுக்கி, வாசற்படியில் சோளத்தட்டைக் கட்டுகளைச் சாத்தி வைத்திருந்தது, அறுவடை முடிந்த நம் களத்துமேட்டைப் போலவே இருந்தது. ஆப்பிள் சாறு கலந்து சுட்ட டோநட் அரை டஜன் எட்டு டாலர். அதில் முட்டை உண்டா என்று நான் கேட்டதும், கல்லாவில் இருந்த பெண் உள்ளே போய்ப் பொருட்களின் பட்டியல் ஒட்டிய டப்பாவையே எடுத்து வந்து காட்டினாள். முட்டை இருந்தது. பேத்தி ஐந்தைத் தின்று, ஆறாவதை மறுநாளைக்கு எடுத்து வைத்துக்கொண்டாள்.

ஊருக்குச் சற்றுத் தெற்கே, ஆற்றின் இரு கரைகளிலும் ஜார்ஜ் ஃபேபியன் என்ற செல்வந்தரின் பழைய பண்ணை நிலம் இப்போது பொதுப் பூங்காவாக இருக்கிறது. துணி வணிகத்தில் பொருள் ஈட்டிய இவர், ஜெர்மானியக் கைவினைஞர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறோர் ஊரில் கட்டியிருந்த காற்றாலை ஒன்றை விலைக்கு வாங்கி, பிரித்துக் கொண்டுவந்து, 1915இல் கிழக்குக் கரையில் நிறுத்தினார். அதன் உள்ளே ஏறிப் பார்த்தோம். மரப்பற்கள் கொண்ட பெரிய சக்கரங்கள், இரும்புக்குப் பதில் மரத்தோடு மரம் உராயும்படி ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. ஒரு பல் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி வேறொன்றைச் செருகலாம் என்று காட்டிய தன்னார்வலர், எழுபது வயதுக்கு மேற்பட்டவர், என் முழங்கால் வலியைக் கவனித்து இறங்கும்போது எனக்கு ஒரு படி முன்னால் பின்புறமாகவே இறங்கினார்.

மேற்குக் கரையில் ஃபேபியனின் வீடும் ஜப்பானியத் தோட்டமும் இருக்கின்றன. வீட்டை 1907இல் மாற்றியமைத்தவர் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட். ஆனால் எனக்கு உறக்கம் கெட்டது வேறொன்றால். ஃபேபியன் இந்த நிலத்தில் ரிவர்பேங்க் என்ற பெயரில் சொந்த ஆய்வகங்களை நடத்தினார். பயிர்களின் மரபியலை ஆராய வந்த வில்லியம் ஃபிரீட்மன், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் மறைகுறிகள் இருக்கின்றன என்ற கருத்தைச் சரிபார்க்க வந்த எலிசபெத் என்ற இளம்பெண்ணைச் சந்தித்தார். இருவரும் 1917இல் திருமணம் செய்துகொண்டார்கள். முதல் உலகப் போர் வந்தபோது, சங்கேத எழுத்துகளை உடைப்பதில் அமெரிக்க அரசுக்கு இவ்விருவரும் இவர்களுடைய சிறு குழுவுமே துணை.

அப்படி இவர்களிடம் வந்து சேர்ந்த கடிதங்களில் நம்மவர்களுடையவையும் இருந்தன. ஆங்கிலேய ஆட்சிக்கு எதிராக ஜெர்மனியின் உதவியோடு ஆயுதம் திரட்ட முயன்ற கதர் கட்சியினரும் பெர்லினில் இருந்த இந்தியக் குழுவினரும் எழுதிக்கொண்ட கடிதங்கள் அவை. அந்தப் பெர்லின் குழுவில்தான், நம் பாடப்புத்தகங்கள் எம்டன் கப்பலோடு சேர்த்து நினைவுகூரும் செண்பகராமன் பிள்ளை இருந்தார். ஏதோ ஓர் அச்சுப் புத்தகத்தின் பக்க எண்ணையும் வரி எண்ணையும் வைத்து எழுதப்பட்டிருந்த கடிதங்களை, அது எந்தப் புத்தகம் என்று தெரியாமலேயே ஃபிரீட்மன் படித்துக் காட்டினார். சான் பிரான்சிஸ்கோவில் 1917 நவம்பரில் தொடங்கிய வழக்கில் அது சாட்சியமாயிற்று. அவருடைய அறிவுக் கூர்மையை எண்ணி வியக்கிறேன். சிறைக்குப் போனவர்களை எண்ணி மனம் கனக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் உணர்ந்தபடி, வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்த அந்த ஆற்றங்கரையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 8, செவ்வாய்க்கிழமை: உட்ஸ்டாக்

மகனுக்கும் மருமகளுக்கும் வேலை நாள் என்பதால் நான் மட்டும் புறநகர் ரயிலில் போனேன். எல்லா ரயிலும் கடைசி நிலையம் வரை போகும் என்று நினைத்து ஏறியதில், நான் ஏறிய வண்டி கிரிஸ்டல் லேக்கோடு நின்றுவிட்டது. அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். நடைமேடையில் குளிர்காற்று. அங்கே உட்கார்ந்திருந்த வயதான அம்மையார் ஒருவர், நான் நேர அட்டவணையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைக் கண்டு பேச்சுக் கொடுத்தார். தமது வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியவர், நான் சரியான வண்டியில் ஏறும்வரை உடன் இருப்பதாகச் சொல்லி அப்படியே இருந்தார். தம் பேரன் பேத்திகளின் படங்களைக் காட்டினார், நானும் காட்டினேன். வண்டி வந்ததும் நடத்துநரிடம் "இவர் உட்ஸ்டாக்கில் இறங்க வேண்டும்" என்று சொல்லி ஏற்றிவிட்ட பிறகுதான் போனார்.

உட்ஸ்டாக்கின் நடுவில் மரங்கள் அடர்ந்த சதுரத் திடல், அதைச் சுற்றிச் செங்கல் பாவிய தெருக்கள், அவற்றைச் சுற்றிக் கடைகள். நம் ஊர்க் கோயிலைச் சுற்றி நான்கு வீதிகள் அமைந்திருப்பதைப் போன்ற அமைப்பு என்பதால், வரைபடம் இல்லாமலே வழி தெரிந்தது. 1993இல் வெளிவந்த புகழ்பெற்ற ஹாலிவுட் படம் ஒன்று இந்தத் திடலில் எடுக்கப்பட்டது. அதைத் தேடி வந்தவர்கள் ஆங்காங்கே படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1890ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்ட ஆபரா ஹவுஸ் வாசலில் நின்று, இங்கே பள்ளி மாணவராக இருந்த திரைப்பட இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் 1934இல் நாடக விழா நடத்திய மேடை இதுதான் என்று எண்ணிப் பார்த்தேன். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது.

திடலின் ஒரு பக்கத்தில் இருக்கும் பழைய நீதிமன்றத்தை ஒட்டிச் சிறை இருந்தது. அமெரிக்க ரயில்வே தொழிலாளர் சங்கத்தின் தலைவர் யூஜின் டெப்ஸ் 1895இல் ஆறு மாதங்கள் இங்கே அடைக்கப்பட்டிருந்தார். புல்மன் என்ற ரயில்பெட்டி நிறுவனம் தொழிலாளரின் கூலியைக் குறைத்தது. அவர்கள் குடியிருந்த வீடுகளும் நிறுவனத்துக்கே சொந்தம், ஆனால் வாடகையைக் குறைக்க அது மறுத்துவிட்டது. அதற்காக 1894இல் நடந்த வேலைநிறுத்தத்தில் நாட்டின் பெரும்பகுதியில் ரயில்கள் நின்றன. சிகாகோ சிறையிலிருந்து இந்தச் சிறிய ஊருக்கு மாற்றப்பட்ட டெப்ஸ், இங்கே புத்தகங்களைப் படித்தபடி காலத்தைக் கழித்தார். விடுதலையாகி ரயிலில் சிகாகோ திரும்பியபோது மழையிலும் பெருங்கூட்டம் காத்திருந்தது. எங்கள் குடும்பத்தில் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். வேலைநிறுத்தம் என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டே வளர்ந்த எனக்கு அந்தச் சுவரருகே நிற்பது வெறும் வேடிக்கையாக இல்லை.

தக்காளி சூப்பும் ரொட்டியும் ஒன்பது டாலர், டிப்ஸ் தனி. திரும்பும்போது வண்டியின் நெற்றியைப் படித்துவிட்டே ஏறினேன்.

அக்டோபர் 12, சனிக்கிழமை: கலீனா

மிகவும் களைத்த நாள் இதுதான். சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 160 மைல் தொலைவில், மிசிசிப்பி ஆற்றை நெருங்கும் மூலையில் உள்ள ஊருக்கு ஒரே நாளில் போய்வர நினைத்தது தவறு. ஓர் இரவு தங்கியிருக்க வேண்டும். காலை ஆறரைக்குப் புறப்பட்டோம். ராக்ஃபோர்டைத் தாண்டிய பிறகு இரு மருங்கும் மக்காச்சோள வயல்கள், பாதி அறுவடையான நிலையில். அறுவடை இயந்திரங்கள் கிளப்பிய தூசி வெயிலில் பொன்னிறமாகத் தொங்கியது.

ஸ்டாக்டன் என்ற ஊரை ஒட்டி நிலம் திடீரென்று மாறிவிடுகிறது. தட்டையாகக் கிடந்த இல்லினாய், மேடும் பள்ளமுமாக எழுந்து வளைகிறது. பனி யுகத்தில் இந்த மாநிலத்தின் பெரும்பகுதியை மூடி, மலைகளை இழைப்புளி போல் மழித்துச் சென்ற பனிப்பாறைகள் இந்த மூலையை மட்டும் தொடாமல் விட்டுவிட்டன. அதனாலேயே குன்றுகள் மிஞ்சின. அந்தக் குன்றுகளில் காரீயத் தாது மேற்பரப்புக்கு அருகிலேயே கிடைத்தது. சாக், மெஸ்க்வாக்கி பழங்குடியினர் எடுத்துவந்த தாதுவைத் தேடி 1820களில் வெள்ளையர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அந்தத் தாதுவின் பெயர்தான் கலீனா. அதுவே ஊருக்கும் பெயர்.

நாங்கள் போனது ஊர்ச்சந்தை நடக்கும் வார இறுதி என்பது எங்களுக்குத் தெரியாது. வண்டி நிறுத்த இடம் தேடி ஐம்பது நிமிடங்கள் சுற்றினோம். கடைசியில் தம் வீட்டு முற்றத்தில் இடம் கொடுத்த ஒருவர் பத்து டாலர் வாங்கிக்கொண்டு, பேத்திக்குக் கழிப்பறை வேண்டும் என்றதும் எந்தத் தயக்கமும் இல்லாமல் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

கடைத்தெரு, ஆற்றின் போக்கிலேயே வளைகிறது. இரு பக்கமும் செங்கல் கட்டடங்கள், பெரும்பாலானவை 1850களை ஒட்டியவை. தெருவின் முனையில் பெரிய இரும்பு வெள்ளக் கதவுகள் நிற்கின்றன. ஒரு காலத்தில் நீராவிக் கப்பல்கள் வரிசையாக வந்து நின்ற ஆறு இது என்று அந்த ஓடையைப் பார்த்தால் நம்புவது கடினம். குன்றுகளில் மரங்களை வெட்டி, மண்ணைத் தோண்டிப் போட்டதில் மழைக்குக் கரைந்த மண்ணெல்லாம் ஆற்றில் இறங்கியது. ஆறு தூர்ந்தது, கப்பல்கள் நின்றன, ரயில் வேறு ஊர்களை வளர்த்தது, மக்கள் போய்விட்டார்கள். புதிதாகக் கட்டப் பணம் இல்லாததால் பழையது இடிபடாமல் தப்பியது. இன்று மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் இந்த ஊர், அந்தப் பழைமையைக் காட்டியே பிழைக்கிறது. தூர்ந்த ஏரி, குளம், வாய்க்கால் ஆகியவற்றைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

கனிமங்கள் விற்கும் கடையில் கலீனாத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்தேன். எலுமிச்சைப் பழ அளவுதான்; கை கீழே இறங்கியது. அடர்த்தி தண்ணீரைப் போல் ஏழரை மடங்கு என்று எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன், கை அறிந்தது இப்போதுதான். கண்ணாடி போல் பளபளக்கும் சாம்பல் நிறக் கனசதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. உடைந்த விளிம்பிலும் அதே செங்கோணம். ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைக் கண்டறியப் பயன்படுத்தி, 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது இந்தப் படிகத்தைக் கொண்டுதான். பழைய கிரிஸ்டல் ரேடியோவில் கம்பி முனை தொட்டுக்கொண்டிருந்த கல்லும் இதுவே. பன்னிரண்டு டாலர் கொடுத்து வாங்கினேன். "பாட்டி, கல்லுக்கா இவ்வளவு காசு?" என்ற பேத்தியின் உள்ளங்கையில் வைத்தேன். அவள் கையும் இறங்கியது. அதன் பிறகு ஊர் திரும்பும்வரை என்னிடம் தரவே இல்லை.

யுலிசீஸ் கிராண்ட் இந்த ஊருக்கு 1860இல் வந்தார். இராணுவத்தை விட்டு விலகி, விவசாயத்தில் தோற்று, தந்தையின் தோல் கடையில் வேலைக்குச் சேர்ந்த முப்பத்தெட்டு வயதுக்காரர். மறு ஆண்டே உள்நாட்டுப் போருக்குப் போனார். 1865இல் வெற்றி பெற்ற தளபதியாகத் திரும்பியபோது ஊர்மக்கள் குன்றின்மேல் ஒரு செங்கல் வீட்டை அவருக்குப் பரிசளித்தார்கள். அங்கிருந்து குடியரசுத் தலைவராகவும் போனார். வீட்டைப் பார்த்தோம். அதைவிட என்னைப் பிடித்துக்கொண்டவர், இதே ஊரில் அரசுக் கட்டடப் பணிகளை மேற்பார்வையிட வந்து கிராண்டின் நண்பரான ஈலி பார்க்கர். செனகா பழங்குடியில் பிறந்தவர். சட்டம் படித்தும், அமெரிக்கக் குடிமகனாகக் கருதப்படாததால் வழக்கறிஞராக முடியாமல் போய்ப் பொறியாளரானார். 1865 ஏப்ரலில் அப்பொமாடக்ஸில் தெற்குப் படையின் தளபதி லீ சரணடைந்தபோது, அந்த நிபந்தனைகளைத் தெளிவான பிரதியாக எழுதிய கை பார்க்கருடையது. யார் குடிமகன் இல்லை என்று நாடு சொன்னதோ, அவருடைய கையெழுத்தில் நாட்டின் போர் முடிந்தது. கிராண்டின் பெயர் எல்லாத் திசையிலும் தெரிகிறது. பார்க்கரின் பெயரைத் தேடித்தான் படிக்க வேண்டியிருந்தது என்பதில் எனக்கு வருத்தமே.

சாப்பாட்டுக்கு இரண்டரை மணி ஆயிற்று. பரிமாறிய பெண், காய்கறி சூப்பில் கோழிச் சாறு கலந்திருக்கிறதா என்று சமையலறையில் கேட்டு வந்து, "கலந்திருக்கிறது, உங்களுக்கு வேண்டாம்" என்று தாமாகவே தடுத்துவிட்டார். சீஸ் வைத்து வாட்டிய ரொட்டியும் வறுத்த உருளைக்கிழங்கும் பதினான்கு டாலர். இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். வீடு வந்து சேர இரவு பத்தாகிவிட்டது. இரண்டு நாட்களுக்கு முழங்காலுக்குத் தைலம் தேய்த்தேன்.

அக்டோபர் 19, சனிக்கிழமை: வில்லியம்ஸ் பே

இந்தத் தேதியை நான் கேட்டு வாங்கினேன். வானியற்பியல் அறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910இல் பிறந்தது அக்டோபர் 19ஆம் நாள்.

விஸ்கான்சின் எல்லையைத் தாண்டியதும் ஜெனீவா ஏரி வருகிறது. கோடையில் இங்கே ஏரிக்கரை வீடுகளுக்குப் படகில் தபால் வருகிறது. படகு நிற்காமலே செல்ல, தபால்காரர் படித்துறையில் குதித்து, பெட்டியில் போட்டுவிட்டு, ஓடி வந்து மறுபடி படகில் தாவுகிறார். நாங்கள் போனபோது அந்தப் பருவம் முடிந்திருந்தது. கரையோரக் கடையில் புதிய சீஸ் கட்டிகளை வாங்கினோம். அன்றே செய்தது என்றால் கடிக்கும்போது பல்லில் கீச்சென்று ஒலிக்கும் என்றார்கள், ஒலித்தது. வெயில் இருந்தும் ஏரிக்காற்று சால்வைக்குள் புகுந்தது.

வில்லியம்ஸ் பே, ஏரியின் மேற்குப் பகுதியில் அமைதியான ஊர். மரங்களுக்கு நடுவே புல்வெளி, அதன் முடிவில் பழுப்புச் செங்கல்லும் சுடுமண் சிற்பங்களுமாக யெர்க்ஸ் வானியல் ஆய்வகம். சிகாகோவின் டிராம் வண்டி முதலாளி சார்லஸ் யெர்க்ஸ் பணம் கொடுக்க, இளம் வானியலர் ஜார்ஜ் எல்லரி ஹேல் முன்னின்று எழுப்பி, 1897இல் திறக்கப்பட்டது. சிகாகோ பல்கலைக்கழகம் 2018இல் இதை மூடியது. பிறகு ஓர் அறக்கட்டளை ஏற்றுச் சீர்செய்து 2022இல் பார்வையாளருக்குத் திறந்தது.

பெரிய குவிமாடத்துக்குள் நுழைந்ததும் பேச்சு நின்றது. 40 அங்குல விட்டமுள்ள வில்லை, அறுபது அடிக்கு மேல் நீண்ட குழாயின் நுனியில். உலகில் இதைவிடப் பெரிய வில்லைத் தொலைநோக்கி ஆய்வுக்கெனப் பிறகு கட்டப்படவில்லை. வில்லையை விளிம்பில் மட்டுமே தாங்கிப் பிடிக்க முடியும். அளவு கூடினால் தன் எடையாலேயே அது வளைந்து, உருவைக் கெடுத்துவிடும். ஆடியை, அதாவது ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடியை, முதுகிலும் தாங்கலாம். அதனால் இதன் பிறகு உலகம் ஆடிகளுக்கு மாறியது. பதினொன்றாம் வகுப்பில் இரண்டு வரியில் சொல்லிக் கடந்த செய்தி, தலைக்கு மேலே இத்தனை டன் எடையோடு நின்றது. காலுக்குக் கீழே இருந்த வட்டமான மரத்தளமும் ஏறி இறங்கக்கூடியது. குழாய் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பார்ப்பவரின் கண் அதன் முனைக்கு எட்டுவதற்காக 23 அடி வரை உயர்கிறது. தளத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் குனிந்து பார்த்தேன்: இருட்டு, எண்ணெய் வாசனை. திறப்பு விழாவுக்குச் சில மாதங்கள் முன்பு, இதே தளம் வடம் விட்டு இடிந்து விழுந்ததாம். நல்லவேளையாக யாரும் அதன்மேல் இல்லை.

எந்த ஊர் என்று வழிகாட்டி கேட்டார். சொன்னேன், இன்று சந்திரசேகரின் பிறந்தநாள் என்றும் சொன்னேன். அவர் எல்லோரையும் நிறுத்தி அதை அறிவித்தார். முன்பின் அறியாத பதினைந்து பேர் கைதட்டினார்கள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும் வழியிலேயே, வெண்குறு விண்மீன்களின், அதாவது எரிந்து ஓய்ந்து சுருங்கிய விண்மீன்களின், நிறைக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று கணக்கிட்டவர் அவர். 1935இல் புகழ்பெற்ற ஆங்கிலேய வானியலர் எடிங்டன் சபை நடுவே அதை மறுத்துப் பேசினார். 1937இல் இருபத்தாறு வயதில் மனைவி லலிதாவோடு இந்தச் சிற்றூருக்கு வந்தார். அவர் நகர வளாகத்தில் வகுப்பெடுப்பதை, தோல் நிறத்தைக் காரணம் காட்டிப் பல்கலைக்கழகத்தில் ஓர் உயர் பொறுப்பாளர் எதிர்த்தார். பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அந்த எதிர்ப்பை ஏற்கவில்லை. 1964 வரை, இருபத்தேழு பனிக்காலங்கள், அவருக்கு ஊர் இதுதான். சைவ உணவுக்காரர்களான அவ்விருவரும் 1930களில் இந்த ஏரிக்கரையில் எதை வாங்கிச் சமைத்திருப்பார்கள் என்று மருமகளும் நானும் வெகுநேரம் பேசிக்கொண்டோம்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. சாலையில் எங்கள் விளக்குகள் மட்டும். இருபுறமும் அறுத்த வயல். 1940களில் அவர் இங்கிருந்து ஏறத்தாழ 80 மைல் வண்டி ஓட்டி, சிகாகோவில் ஒரு வகுப்பு எடுக்கப் போவார் என்றும், அந்த வகுப்பில் இருந்தவர்கள் லீ, யாங் என்ற இரண்டே மாணவர்கள் என்றும் சொல்வதுண்டு. அவ்விருவரும் 1957இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆசிரியருக்கு 1983இல்தான் கிடைத்தது. இதைப் பேத்திக்குச் சொன்னேன்.

"ரெண்டு பேருக்காகவா இவ்வளவு தூரம் போனாரு, பாட்டி? பனியிலயா?"

"ஆமாம், கண்ணு."

அவள் உறங்கிய பிறகு எனக்கு 2005ஆம் ஆண்டின் நவம்பர் மழை நினைவுக்கு வந்தது. காவிரியில் வெள்ளம். விடுமுறை அறிவிப்பு வருமுன்பே, பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பெண்கள் மட்டும் நனைந்துகொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒளிவிலகல் பாடம் பாக்கி இருந்தது. இரண்டு பேருக்கு எதற்கு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் நோட்டுப் புத்தகத்தைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போனது, ஷாம்பர்க் விளக்குகள் தெரியும்வரை என் கண்ணில் நின்றது.